நாய்க்கு ஓட்டு இல்லை, அதான் பிரச்சினை

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ மொக்கைப் பதிவுன்னு ஓடிடாதீங்க மக்களே. சீரியஸ் மேட்டர்தான். கொஞ்சம் நீளமாவும் இருக்கும். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

உள்ளாட்சித் தேர்தல்னா நமக்குத் தெரிஞ்சதெல்லாம் நாலு விஷயம்தான். சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, தண்ணி. இப்போ அஞ்சாவதா நாய் சேர்ந்தாச்சு. 2025-ல உச்சநீதிமன்றம் தெருநாய் விவகாரத்தைக் கையில எடுத்ததுலேருந்து டீக்கடை, டிவி விவாதம், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப் எல்லா இடத்துலயும் இதே பேச்சு. சென்னைக்குக் கடைசியா மாநகராட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. மொத்தம் 200 வார்டு. அதுக்கு முன்னாடி 2016 அக்டோபர்லேருந்து அஞ்சு வருஷத்துக்கு மேல மாமன்றமே இல்லாம அதிகாரிகள்தான் ஊரை ஓட்டினாங்க. அந்த 2022 தேர்தல்லயே நாயைப் பத்தி வேட்பாளர்கள் பேசினாங்க. அடுத்த தேர்தல்ல கையைக் கூப்பிக்கிட்டு வர்ற ஒவ்வொருத்தரும் கண்டிப்பா பேசுவாங்க. அதனால இப்பவே கொஞ்சம் தயாரா இருப்போமேன்னுதான் இந்தப் பதிவு.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. நம்ம வேட்பாளர்கள் எல்லாரும் நாயைக் கட்டுப்படுத்துறேன்னு சொல்றாங்க. ஆனா விலங்குகள் சம்பந்தமா இருக்கிற சட்டத்துல முக்காவாசி மனுஷனைக் கட்டுப்படுத்த எழுதினது. நாய் வளர்க்கிறவன், நாய் விக்கிறவன், மாட்டை ரோட்டுல விடுறவன், குப்பையைக் கொட்டுறவன், கருத்தடை பண்ணவேண்டிய அதிகாரி, அதுக்குக் காசு வாங்குற அமைப்பு... இவங்களைக் கேள்வி கேட்கத்தான் சட்டம். இவங்களுக்கெல்லாம் ஓட்டு இருக்கு, செல்வாக்கு இருக்கு. நாய்க்கு ரெண்டும் இல்லை. அதனால வேட்பாளர் வாயைத் திறந்தா நாயை மட்டும்தான் திட்டுவார், இல்லைன்னா நாயை மட்டும்தான் கொஞ்சுவார்.

ஓட்டு கேட்டு வந்த நாலு பேர்

2022-ல எங்க ஏரியாவுல ஓட்டு கேட்டு வந்தவங்க கிட்ட, வந்த வரைக்கும் லாபம்னு நாய் பத்திக் கேட்டேன். கட்சி பேர் எதுவும் சொல்ல மாட்டேன். ஏன்னா எல்லாக் கட்சியிலயும் இந்த நாலு வகையும் இருக்கு. உங்க ஊர்லயும் இருப்பாங்க, சரிபார்த்துக்கோங்க.

முதல் வகை, "ஒண்ணுகூட இருக்காதுங்க" வேட்பாளர். ஜெயிச்ச மூணே மாசத்துல வார்டுல ஒரு தெருநாய் இருக்காதுன்னு சத்தியம் பண்ணுவார். எங்கே கொண்டு போவீங்கன்னு கேட்டா, "ஊருக்கு வெளியே விட்டுடலாம்". ஊருக்கு வெளியேன்னா அது இன்னொருத்தர் ஊருக்கு உள்ளே இல்லையா சாமி? அந்த ஊர்ல ஒரு வேட்பாளர் இதையே சொல்லிட்டு இந்தப் பக்கம் லோடு அனுப்பினா என்ன செய்வீங்க? பதிலுக்கு ஒரு நோட்டீஸைக் கையில குடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டார்.

ரெண்டாவது வகை, "பாவம்ங்க வாயில்லா ஜீவன்" வேட்பாளர். இவர் பெரும்பாலும் பேசுறது நாய்க்குப் பிஸ்கட் போடுற வீட்டு வாசல்ல. எதிர்வீட்டுக்குப் போனதும் முதல் வகையா மாறிடுவார். கண்ணால பார்த்தேன். நடுவுல இருந்த தூரம் இருபது அடி :-)

மூணாவது வகை, "அதெல்லாம் கோர்ட்டு மேட்டருங்க" வேட்பாளர். நீதிமன்றம் கையைக் கட்டிப் போட்டிருக்கு, நாம ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்றவர். பார்க்க நியாயமா பேசுற மாதிரி இருக்கும். என்னைக் கேட்டா இவர்தான் ரொம்ப ஆபத்தானவர். ஏன்னு கீழே சொல்றேன்.

நாலாவது வகை, "நாயா? உங்க தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டுத் தர்றேன்" வேட்பாளர். இவருக்கு என் வணக்கம்.

இந்த நாலு பேர்ல ஒருத்தர்கூட வளர்ப்பு நாய் உரிமம்னு ஒரு வார்த்தை சொல்லலை. கருத்தடை மையம்னு சொல்லலை. தடுப்பூசின்னு சொல்லலை. நாமளும் கேட்டாத்தானே?

கொஞ்சம் பழைய கதை

"அந்தக் காலத்துல கார்ப்பரேஷன் வண்டி வந்து பிடிச்சிட்டுப் போய் முடிச்சிடும், அப்ப எல்லாம் நல்லா இருந்துச்சு" - இதைச் சொல்லாத பெருசு எந்தத் தெருவுலயும் இல்லை. சரி, அந்தக் கணக்கையும் பார்த்துடுவோம்.

மெட்ராஸ்ல நூறு வருஷத்துக்கு மேல நாயைப் பிடிச்சுக் கொன்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க. நாய் தீர்ந்துச்சா? தீரலை. இந்த ஊர்லயே 1959-ல தொடங்கின புளூ கிராஸ் அமைப்பு, கொல்றதை விட்டுட்டு கருத்தடை பண்ணுங்கன்னு 1960-கள்லேருந்து மாநகராட்சியைக் கேட்டுக்கிட்டே இருந்தது. மாநகராட்சி அதை ஏத்துக்கிட்டது 1996-ல. இந்த மாதிரித் திட்டத்தை வெச்சுத்தான் 2001-ல மத்திய அரசு நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள் கொண்டுவந்தது. அதை எடுத்துட்டு 2023 மார்ச்சில புது விதிகள் வந்துச்சு. அதாவது இன்னைக்கு நாடு முழுக்கச் சண்டை போட்டுக்கிற இந்த விஷயத்துக்கு முன்னோடியே நம்ம சென்னைதான்.

கொன்னும் ஏன் தீரலைங்கிறது பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை. பெட்டை நாய்க்குச் சினைக்காலம் சுமார் ரெண்டு மாசம். வருஷத்துக்கு ரெண்டு ஈத்து போடலாம். ஒரு ஈத்துல நாலு, அஞ்சு, ஆறு குட்டி. தெருவுல இருந்த நாயைத் தூக்கிட்டா, அங்கே இருந்த சோறும் குப்பையும் அப்படியே இருக்கும். பக்கத்துத் தெரு நாய் வந்து உட்காரும். அதுவும் எந்த ஊசியும் போடாத, நம்ம மனுஷங்க முகம் தெரியாத நாய். கருத்தடையும் ஊசியும் போட்ட பழைய நாய் அங்கேயே இருந்தா புதுசு உள்ளே வர விடாது. பிடிச்ச இடத்துலயே திரும்ப விடணும்னு விதி சொல்றதுக்குக் காரணம் இதுதான். நாய் மேல இருக்கிற பாசம் மட்டும் கிடையாது.

"சரி, அப்ப ஏன் இன்னைக்கு இத்தனை நாய்?" நியாயமான கேள்வி. 2018-ல எடுத்த கணக்கெடுப்புல சென்னையில சுமார் 57,000 தெருநாய். 2024-ல எடுத்ததுல சுமார் 1.8 லட்சம். அதுல கருத்தடை ஆனது கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இந்தத் திட்டம் பலன் தர ஒரு ஏரியாவுல இருக்கிற நாய்ல 70 சதவீதத்துக்காவது கருத்தடை நடந்திருக்கணும்னு சொல்வாங்க. அதுவும் குறுகின காலத்துல. இங்கே பத்து, அங்கே இருபதுன்னு பண்ணினா, பண்ணாத நாய் போடுற குட்டி அந்தக் கணக்கைச் சாப்பிட்டுடும். ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதை. இதுல தோத்தது சட்டமா, சட்டத்தைச் செய்யவேண்டிய ஆளுங்களா?

"கோர்ட்டு மேட்டருங்க"

இப்ப மூணாவது வேட்பாளருக்கு வருவோம். கோர்ட்டு நிஜமாவே என்ன சொல்லுச்சு?

2025 ஆகஸ்ட் 11-ம் தேதி உச்சநீதிமன்றத்தோட ரெண்டு நீதிபதி அமர்வு, டெல்லி சுத்துவட்டாரத்துல இருக்கிற தெருநாய் எல்லாத்தையும் பிடிச்சுக் காப்பகத்துல அடைங்க, வெளியே விடாதீங்கன்னு உத்தரவு போட்டது. நாடே ரெண்டா பிரிஞ்சு கத்துச்சு. ஆகஸ்ட் 22-ம் தேதி மூணு நீதிபதி அமர்வு அதை மாத்துச்சு. கருத்தடை, குடற்புழு மருந்து, தடுப்பூசி எல்லாம் போட்டுப் பிடிச்ச இடத்துலயே விடுங்க, வெறிநோய் வந்த நாயையும் மூர்க்கமான நாயையும் மட்டும் விடாதீங்கன்னு சொன்னது. அதோட கண்ட இடத்துல சோறு போடக் கூடாது, ஒவ்வொரு வார்டுலயும் அதுக்குன்னு தனி இடம் ஒதுக்கணும்னும் சொன்னது. வழக்கை எல்லா மாநிலத்துக்கும் விரிச்சது. அப்புறம் நவம்பர் 7-ம் தேதி, பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் இங்கேயெல்லாம் இருக்கிற நாயை எடுக்கணும், எடுத்ததைத் திரும்ப அங்கேயே விடக் கூடாதுன்னு உத்தரவு போட்டது.

இதுல கவுன்சிலருக்கு வேலையே இல்லைன்னு எங்கே சொல்லியிருக்கு? எனக்குத் தெரிஞ்சு வேலையைக் கூட்டித்தான் விட்டிருக்கு. ஒண்ணை மட்டும் எடுத்துக்கோங்க. வார்டுல நாய்க்குச் சோறு போட தனி இடம். எந்த இடம்? பார்க் ஓரமா, மண்டபத்துக்குப் பின்னாடியா, குளத்தங்கரையா? எங்கே சொன்னாலும் பக்கத்துல இருக்கிற பத்து வீடு சண்டைக்கு வரும். அங்கே போய் நின்னு, அவங்க சொல்றதைக் கேட்டு, சமாதானம் பண்ணி, ஒரு இடத்தை முடிவு பண்ண வார்டைத் தெரிஞ்ச ஆள் வேணும். ரிப்பன் மாளிகையில உட்கார்ந்திருக்கிற அதிகாரியால முடியாது. கவுன்சிலர்னு ஒருத்தரை நாம தேர்ந்தெடுக்கிறதே இந்த மாதிரி வேலைக்குத்தான்.

கருத்தடை மையமும் அப்படித்தான். புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனின்னு விரல் விட்டு எண்ணுற மாதிரி மையங்களை வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா ஓட்டினாங்க. அப்புறம்தான் இன்னும் சில இடங்கள்ல கட்டினாங்க. ஒவ்வொரு வார்டுக்காரருக்கும் நாய் போகணும், ஆனா நாய் போய் இறங்குற இடம் மட்டும் தன் வார்டுல இருக்கக் கூடாது. "எங்க வார்டுல கட்டுங்க, நான் ஜனங்க கிட்ட பேசிக்கிறேன்"னு சொல்ற ஒரு வேட்பாளரைக் காட்டுங்க. அவர் எந்தக் கட்சியா இருந்தாலும் என் ஓட்டு அவருக்குத்தான்.

ஓட்டு இருக்கிற நாய்க்காரர்கள்

இப்ப எல்லாரும் நாசூக்கா தாண்டிப் போற இடத்துக்கு வருவோம். வளர்ப்பு நாய்.

2024 மே மாசம் நுங்கம்பாக்கம் பக்கத்துல ஒரு மாநகராட்சிப் பூங்காவுல, காவலாளியோட அஞ்சு வயசுப் பொண்ணை ரெண்டு ராட்வைலர் கடிச்சுக் குதறிச்சு. ஞாபகம் இருக்கும். அது தெருநாய் இல்லை. ஓனர் இருந்தார், சங்கிலி எங்கேன்னுதான் தெரியலை. சென்னையில வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமம் எடுக்கணும், கட்டணம் வெறும் 50 ரூபாய்தான்னு நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சதே அதுக்கப்புறம்தான். 2025 கடைசியிலதான் உரிமம் இல்லைன்னா 5,000 ரூபாய் அபராதம், நாய்க்கு மைக்ரோசிப்புன்னு மாநகராட்சி இறுக்க ஆரம்பிச்சது. அந்த டிசம்பர்லயே பிட்புல், ராட்வைலர் ரெண்டுக்கும் இனிமே புது உரிமம் கிடையாதுன்னும் முடிவு பண்ணிச்சு.

தடை போட்டா முடிஞ்சிடுமா? 2024 மார்ச்சில மத்திய அரசு 23 வகை நாய்க்குத் தடைன்னு ஒரு சுற்றறிக்கை அனுப்புச்சு. ஏப்ரல்ல கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. இனத்துக்குத் தடை போட்டா வேற இனம் வரும். எந்த நாயா இருந்தாலும் ஓனருக்குப் பொறுப்புன்னு ஆக்கணும். அதுக்குச் சட்டம் இல்லாமலா இருக்கு? பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவு: தன் கையில இருக்கிற விலங்கால மனுஷ உயிருக்கு ஆபத்து வராம பார்த்துக்காதவனுக்கு ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். இந்தப் பிரிவைப் பத்தி எந்தப் பிரசாரக் கூட்டத்துல கேட்டிருக்கீங்க?

இன்னொரு கூத்து. லாப்ரடார், ஹஸ்கின்னு குட்டியா இருக்கும்போது ஆசையா வாங்குறது, பெருசாகி முடி கொட்டினதும் ஈசிஆர் பக்கம் கார்ல கூட்டிட்டுப் போய் இறக்கி விட்டுட்டு வர்றது. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல இது குற்றம். 11-வது பிரிவுல இருக்கு. முதல் தடவை செஞ்சா அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலேருந்து அம்பது ரூபாய் வரைக்கும். அச்சுப்பிழை இல்லைங்க. 1960-ல எழுதின தொகை. 2017-ல நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கு விதி வந்தது. வியாபாரத்துக்குக் குட்டி போட வைக்கிறவங்க மாநில விலங்குநல வாரியத்துல பதிவு பண்ணணும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. உங்க ஏரியாவுல "பப்பீஸ் ஃபார் சேல்"னு போன் நம்பரோட ஒட்டியிருக்கிற போஸ்டரை ஒரு நாள் கூப்பிட்டு, பதிவு எண் என்னன்னு கேட்டுப் பாருங்க. போனை வெச்சிடுவாங்க.

அதே நேரத்துல நியாயமா நாய் வளர்க்கிறவங்களையும் வேட்பாளர்கள் கைவிட்டுத்தான் வெச்சிருக்காங்க. அபார்ட்மெண்ட் சங்கங்கள் "செல்லப்பிராணிக்கு இங்கே தடை"ன்னு தீர்மானம் போடக் கூடாது, லிஃப்டுல ஏத்தாதேன்னு சொல்லக் கூடாதுன்னு இந்திய விலங்குநல வாரியம் 2015-லயே சொல்லிடுச்சு. ஆனா 200 ஃப்ளாட் ஓட்டு வெச்சிருக்கிற சங்கச் செயலாளர் முன்னாடி எந்த வேட்பாளர் அதை எடுத்துச் சொல்வார்? உரிமம் எடுத்து, ஊசி போட்டு, கையில பையோட நடந்து, நாயோட கழிவை அள்ளுற மனுஷனும் திட்டு வாங்குறான். ஊசியே போடாம கேட்டைத் திறந்து விடுறவனும் ஜாலியா இருக்கான். ரெண்டு பேரையும் பிரிச்சுப் பார்க்கத்தான் சட்டம்.

மாட்டுக்கும் இதே கதைதான். 2023 ஆகஸ்ட்ல அரும்பாக்கத்துல ஸ்கூல் விட்டு வந்த சின்னப் பொண்ணை மாடு முட்டித் தூக்கிப் போட்ட சிசிடிவி வீடியோவைப் பார்த்திருப்பீங்க. அந்த மாட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு, பால் கறக்குறவர் உண்டு. ரோட்டுல மாடு திரியுறதுன்னா "அது பாரம்பரியம்ங்க"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடுவாங்க. பின்னே, மாட்டுக்காரர் குடும்பத்துல எட்டு ஓட்டு இருக்கே.

கடி வாங்குறது யார்?

இதைச் சொல்லாம விட்டா பதிவு முழுசாகாது. மத்திய அரசு நாடாளுமன்றத்துல குடுத்த கணக்குப்படி 2024-ல நாட்டுல பதிவான நாய்க்கடி மட்டும் 37 லட்சத்துக்கு மேல. நாய்ப் பாசம் உள்ள நண்பர்கள் இந்த எண்ணை "மீடியா பீதி"ன்னு தள்ளிட்டுப் போறாங்க. தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க.

கார்ல போறவனை நாய் கடிக்கிறதில்லை. விடியக்காலை அஞ்சு மணிக்குத் தெருக் கூட்ட வர்ற அக்காவை, ராத்திரி பன்னெண்டு மணிக்கு பிரியாணி கொண்டு வர்ற டெலிவரிப் பையனை, பேப்பர் போடுற பையனை, வாசல்ல விளையாடுற குழந்தையை, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு நடந்து வர்ற தொழிலாளியைத்தான் கடிக்குது. கடிச்ச அன்னைக்கு அவங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. தடுப்பூசின்னா மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஒவ்வொரு தடவையும் அரைநாள் கூலி. இன்னமும் தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசின்னு பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரி பக்கமே போகாதவங்க இருக்காங்க. அந்தப் பழைய ஊசியை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப கையில போடுறதுதான். கடிச்ச உடனே சோப்புப் போட்டு கால் மணி நேரம் ஓடுற தண்ணியில கழுவணும், மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் அப்பக் கூடாதுங்கிறதுகூட நிறைய பேருக்குத் தெரியாது. வெறிநோய்க்கு அறிகுறி தெரிய ஆரம்பிச்சுட்டா அப்புறம் காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம். மனுஷனுக்கு வர்ற வெறிநோய்ல 99 சதவீதம் நாயால வர்றதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதே நிறுவனம்தான் நாய்ல 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டா நோய் பரவுறது நின்னுடும்னும் சொல்லுது.

சென்னையில 2025-ல தெருநாய்களுக்கு மொத்தமா வெறிநோய்த் தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம், பாராட்டுவோம். ஆனா ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் தாங்காது. வருஷா வருஷம் போடணும். அப்ப அது ஒவ்வொரு வருஷ பட்ஜெட்லயும் இருக்கணும். மாமன்றத்துல பட்ஜெட்டுக்குக் கை தூக்குறது யாரு? நம்ம கவுன்சிலர். "எனக்கு என்னங்க அதிகாரம்"னு கேட்டாரே, இதுதான்!

அப்புறம் குப்பை. இறைச்சிக் கடைக் கழிவு, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, ராத்திரிக் கையேந்தி பவன் மிச்சம். இது தெருமுனையில கிடக்குற வரைக்கும் எத்தனை நாயைப் பிடிச்சாலும் அதே எண்ணிக்கை திரும்ப வரும். மண்டபம் யாரோடதுன்னு விசாரிச்சுப் பாருங்க. பல ஊர்ல அது ஏதோ ஒரு கட்சிப் பிரமுகரோடதா இருக்கும். நாயைத் திட்டுறது ரொம்ப சுலபம், மண்டபத்துக்காரருக்கு நோட்டீஸ் குடுக்கிறதுதான் கஷ்டம்.

சோறு போடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. நாய் உங்க கிட்டதான் வரும், அதனால கருத்தடைக்குப் பிடிச்சுக் குடுக்க உங்களை விட்டா ஆள் கிடையாது. ஆனா பள்ளிக்கூட வாசல்ல போட்டுட்டு, "என் உரிமை"ன்னு வீடியோ எடுத்துப் போடாதீங்க. சோறு போடுற கையே காதுல வெட்டு அடையாளம் இருக்கான்னும் பார்க்கணும், இல்லாததைப் பிடிச்சும் குடுக்கணும். அதைச் செய்யாத பாசம் அடுத்த வருஷம் ஆறு குட்டியாத் தெருவுல நிக்கும்.

அடுத்த தடவை வரும்போது கேட்க

"உங்களுக்கு நாய் பிடிக்குமா பிடிக்காதா"ன்னு வேட்பாளரைக் கேட்காதீங்க. அது அவரோட சொந்த விஷயம். இதையெல்லாம் கேளுங்க:

1. நம்ம வார்டுல எத்தனை தெருநாய், அதுல எத்தனைக்குக் கருத்தடை ஆச்சு, எத்தனைக்கு ஊசி போட்டாச்சு? இந்தக் கணக்கை மாசாமாசம் வார்டு அலுவலகத்துல எழுதி ஒட்டுவீங்களா?

2. கருத்தடை மையமோ காப்பகமோ நம்ம வார்டுல கட்ட இடம் குடுப்பீங்களா?

3. சோறு போடுற இடம் எது? ஏரியா சபையைக் கூட்டி எல்லார் முன்னாடியும் முடிவு பண்ணுவீங்களா?

4. உரிமம் இல்லாத வளர்ப்பு நாய்க்கு அபராதம் போட்டா, "நம்ம ஆளுதான், விட்டுடுங்க"ன்னு அதிகாரிக்குப் போன் பண்ண மாட்டேன்னு சொல்வீங்களா? மாட்டுக்காரருக்கும் இதே கேள்விதான்.

5. பக்கத்து மாநகராட்சி ஆஸ்பத்திரியில வெறிநாய்க்கடி ஊசி எப்பவும் கையிருப்புல இருக்கான்னு யார் பார்ப்பா?

6. மண்டபத்துக் குப்பைக்கும் இறைச்சிக் கழிவுக்கும் என்ன வழி?

7. கருத்தடை பண்ணக் காசு வாங்குற அமைப்பு, சொன்ன எண்ணிக்கையை நிஜமாவே பண்ணிச்சான்னு எண்ணிப் பார்க்க மாமன்றத்துல கேள்வி எழுப்புவீங்களா?

இந்த ஏழுல ஒண்ணுகூட நாயைப் பத்தின கேள்வி இல்லைங்கிறதைக் கவனிச்சீங்களா? எல்லாமே மனுஷங்களைப் பத்தினது. அதனாலதான் எந்த வேட்பாளரும் தானா இதைப் பேச மாட்டார். நாலாவது கேள்விக்கு நேரா பதில் சொன்னா நாலு ஓட்டு போகும், அது அவருக்குத் தெரியும். அந்த நாலு ஓட்டு போனாலும் நாப்பது ஓட்டு வரும்னு அவருக்குப் புரிய வைக்க வேண்டியது நம்ம வேலை. தெருவுல பத்து வீடு ஒண்ணா நின்னு ஒரே கேள்வியைக் கேட்டா பயப்படாத வேட்பாளரை நான் பார்த்ததில்லை.

நாயில்லா வார்டு தர்றேன்னு சொல்றவருக்கு ஓட்டுப் போட்டா நாயும் போகாது, கடியும் குறையாது. அஞ்சு வருஷம் கழிச்சு அதே நோட்டீஸை வேற போட்டோ போட்டுக் குடுப்பாங்க, அதையும் வாங்கி வெச்சுக்குவோம். கணக்குக் கேட்க ஆரம்பிச்சாத்தான் இது மாறும்.

டிஸ்கி 1: நான் நாய் வளர்க்கலை, நாயைக் கல்லால அடிக்கிறதும் இல்லை. அதனால ரெண்டு பக்கமும் தாராளமா திட்டலாம்.

டிஸ்கி 2: மதுரை, கோவை, திருச்சி, நெல்லை நண்பர்களே, உங்க ஊர் வேட்பாளர்கள் இதைப் பத்தி என்ன பேசுறாங்கன்னு நீங்களும் ஒரு பதிவு போடுங்க. ஊர் ஊரா சேர்த்து வெச்சா அடுத்த தேர்தலுக்கு உதவும்.